பெருந்தொற்றுக் காலத்தில் இன ஏற்றத்தாழ்வைக் குறைக்க: புதிய செவிலியருக்கு ஒரு வழிகாட்டி

2020 ஏப்ரல் முதல் வாரத்தில் அமெரிக்காவின் சிகாகோ நகரம் தன் கொரோனா மரணக் கணக்கை வெளியிட்டது. நகர மக்களில் கறுப்பினத்தவர் ஏறக்குறைய 30 சதவீதம். இறந்தவர்களில் அவர்கள் ஏறக்குறைய 70 சதவீதம். அதே ஆண்டு ஜூன் மாதம் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை ஓர் அறிக்கை தந்தது. வயது, பாலினம், வசிக்கும் பகுதி, வறுமை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும், வங்கதேச வம்சாவளியினர் கொரோனாவால் இறக்கும் அபாயம் வெள்ளை பிரிட்டிஷாரைவிட ஏறக்குறைய இரு மடங்கு என்றது அது.

இந்த நாடுகளில் புதிதாகப் பணியில் சேரும் செவிலியர் இதைப் படித்ததும், ‘வீடும் கூலியும் காப்பீடும் சம்பந்தப்பட்ட விஷயம், இதில் நான் என்ன செய்ய முடியும்?’ என்றுதான் நினைப்பார். பாதி உண்மை. பஸ் ஓட்டுவதும் கடையில் நிற்பதும் முதியோர் இல்லத்தில் பராமரிப்பதும் வீட்டிலிருந்து செய்யும் வேலைகள் அல்ல. ஒரே வீட்டில் மூன்று தலைமுறை வசித்தால் நோயாளியைத் தனிமைப்படுத்த அறை இருக்காது. சம்பளத்தோடு விடுப்பு இல்லாதவர் காய்ச்சலோடும் வேலைக்குப் போவார். இவையே நோய் பரவக் காரணம். ரத்தத்திலோ மரபணுவிலோ தேடிப் பயனில்லை. இவற்றை ஒரு வார்டு செவிலியர் மாற்றிவிட முடியாது.

ஆனால் நோயாளி மருத்துவமனை வாசலுக்குள் வந்த பிறகும் அந்த இடைவெளி வளர்கிறது. விரலில் கருவி மாட்டும்போது, வலியைக் கேட்டு எழுதும்போது, டூட்டி மாற்றிக் கொடுக்கும்போது, வீட்டுக்கு அனுப்பும்போது அது கொஞ்சம் கொஞ்சமாக வளர்கிறது. இந்த இடங்கள் எல்லாவற்றிலும் நிற்பவர் செவிலியர். எனவே உங்கள் ஷிப்டில் என்ன செய்யலாம் என்பதை மட்டும் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: மீட்டர் காட்டும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள்

ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டிப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர்தான் கொரோனா வார்டின் கடவுள் என்று ஆகியிருந்தது. 94 என்றால் காத்திருக்கலாம், 90 என்றால் ஆக்சிஜன், அதற்கும் கீழே என்றால் ஓட்டம். அந்தக் கருவி சிவப்பு, அகச்சிவப்பு என்ற இரண்டு ஒளிகளை விரல் வழியே செலுத்தி, ரத்தம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்துக் கணக்கிடுகிறது. தோலின் நிறமியான மெலனினும் ஒளியை உறிஞ்சும். வெளிர்நிறத் தோல் கொண்டவர்களையே பெரும்பாலும் வைத்துச் சீரமைக்கப்பட்ட கருவி, அடர்நிறத் தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டிவிடுகிறது.

2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் இதை எண்களோடு வெளியிட்டார்கள். மீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில் தமனி ரத்தத்தை எடுத்துப் பார்த்தால், உண்மை அளவு 88-க்கும் கீழே இருந்தது வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. 2021 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இது குறித்து எச்சரிக்கை வெளியிட்டது. 2022-ல் வந்த மற்றோர் ஆய்வு, இந்தப் பிழையால் கறுப்பின, ஹிஸ்பானிய (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) நோயாளிகளுக்குச் சிகிச்சை தேவை என்று அறிவதே தாமதமானதைக் காட்டியது. மீட்டர் ‘நன்றாக இருக்கிறார்’ என்றது, நோயாளி மூச்சுக்குத் தவித்தார். இந்த விஷயத்தை மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். ஏனென்றால் இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் தேவையில்லை, எண்ணை மட்டும் பார்க்கும் பழக்கம் போதும்.

செய்ய வேண்டியது இதுதான். விரலில் நகப்பூச்சு இருந்தால் நீக்குங்கள். கை சில்லென்று இருந்தால் சூடேற்றுங்கள். கையை அசைக்காமல் வைத்திருக்கச் சொல்லி, திரையில் அலை சீராக வரும்வரை, எண் ஓரிடத்தில் நிற்கும்வரை காத்திருங்கள். அதன் பிறகு கருவியை மறந்துவிட்டு நோயாளியின் மார்பைப் பாருங்கள். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குவது வேண்டாம். வேலை மிகுந்த இரவில் எல்லோரும் குறுக்குவழியாக எழுதும் எண் இதுதான், முதலில் மாறும் எண்ணும் இதுதான். கழுத்துத் தசைகள் இழுக்கின்றனவா, ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முடிக்கிறாரா, நேற்றைவிடக் குழப்பமாகப் பேசுகிறாரா என்று கவனியுங்கள். ஒற்றை எண்ணைவிட அதன் போக்கு முக்கியம். காலையில் 97 இருந்தவருக்கு மாலையில் 93 என்றால், 93 இன்னும் ‘பரவாயில்லை’ என்ற கோட்டுக்கு மேலே இருக்கிறது என்று ஆறுதல் கொள்ளாதீர்கள்.

மீட்டரும் உங்கள் கண்ணும் வெவ்வேறாகச் சொன்னால், தமனி ரத்த வாயுப் பரிசோதனை கேளுங்கள். தயங்காமல், எண்களோடு கேளுங்கள்: “டாக்டர், 14-ஆம் படுக்கையில் இருப்பவருக்கு மீட்டர் 93 காட்டுகிறது. ஆனால் மூச்சு நிமிடத்துக்கு 28. ஒரு மணி நேரத்துக்கு முன் 22 இருந்தது. ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை. அவருக்கு அடர்நிறத் தோல், மீட்டர் கூடுதலாகக் காட்டலாம். தமனி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.” இப்படிச் சொன்னால் மறுப்பது கடினம். ‘ஆள் பார்க்கச் சரியில்லை’ என்று மட்டும் சொன்னால் ‘பார்த்துக்கொண்டிருங்கள்’ என்ற பதில்தான் வரும்.

இரண்டாம் படி: தோலைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

‘உதடு நீலமாகிறதா பாருங்கள்’ என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அடர்நிறத் தோலில் அது நீலமாகத் தெரிய வேண்டும் என்பதில்லை. சாம்பல் பூத்ததுபோல மங்கலாம். நாக்கு, ஈறு, உதட்டின் உட்புறம், கீழ் இமையின் உட்பகுதி, உள்ளங்கை, நகக்கண் ஆகிய இடங்களை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். குடும்பத்தாரிடம், ‘இவர் நிறம் வழக்கம்போல இருக்கிறதா?’ என்று கேளுங்கள். அந்த முகத்தைத் தினமும் பார்ப்பவர்கள் அவர்கள்.

பாடப்படங்களே ஒரு நிறத்தைச் சுற்றித்தான் வந்திருக்கின்றன. கொரோனாவின் தோல் அறிகுறிகளைப் பற்றி 2020-ல் வந்த மருத்துவக் கட்டுரைகளின் படங்களைத் தொகுத்துப் பார்த்தவர்கள், மிக அடர்ந்த நிறத் தோலின் படம் ஒன்றுகூட இல்லை என்று கண்டார்கள். லண்டனில் மாலோன் முக்வெண்டே என்ற மருத்துவ மாணவர், தன் ஆசிரியர்களோடு சேர்ந்து, அடர்நிறத் தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று ஒரு கையேடே தயாரித்தார். அதுவும் 2020-ல்தான். அதுபோன்ற படங்களைத் தேடிக் கண்ணைப் பழக்குங்கள்.

குப்புறப் படுக்க வைத்த நோயாளிகளுக்கு நெற்றி, கன்னம், மோவாய், மார்பு, முழங்காலில் அழுத்தப்புண் வரும். வெளிர்நிறத் தோலில் முதலில் சிவப்பது தெரியும். அடர்நிறத் தோலில் அது தெரியாமல் நேராகப் புண்ணாகவே கண்ணில் படும். எனவே தொட்டுப் பாருங்கள்: பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ இருக்கிறதா, கெட்டிப்பட்டிருக்கிறதா, நோயாளி அங்கே வலி என்கிறாரா. ‘சிவப்பு இல்லை’ என்று எழுதுவதற்கு முன் விரலால் உறுதிசெய்யுங்கள்.

மூன்றாம் படி: நோயாளியின் மொழியில் பேசச் செய்யுங்கள்

அரைகுறை ஆங்கிலத்தில் தலையாட்டும் நோயாளியைப் பார்த்துப் ‘புரிந்துவிட்டது’ என்று எழுதிவிடாதீர்கள். அமெரிக்காவில் மத்திய அரசின் நிதி பெறும் மருத்துவமனைகள் மொழி உதவி தர வேண்டும் என்பது 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்திலிருந்தே வரும் கடமை. அது மருத்துவமனை காட்டும் சலுகை இல்லை. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையிலும் மொழிபெயர்ப்பாளரை அழைக்கலாம். பணியில் சேர்ந்த முதல் நாளே மொழிபெயர்ப்பாளரின் போன் எண்ணையும் அழைக்கும் முறையையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கு அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

தனிமை அறையில் போனை ஒரு தெளிவான பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்து, நோயாளியின் தலைக்கருகே வையுங்கள். முகக்கவசமும் ஆக்சிஜன் இரைச்சலும் சேர்ந்தால் பாதிச் சொற்கள் காற்றில் போய்விடும். மொழியின் பெயரோடு வட்டார வழக்கையும் கேளுங்கள். கிழக்கு லண்டனில் வங்கமொழி என்று எழுதியிருக்கும் பலர் பேசுவது சில்ஹெட்டி. போனைப் பார்த்துப் பேசாமல் நோயாளியைப் பார்த்துப் பேசுங்கள். இரண்டு மூன்று சிறு வாக்கியங்களுக்கு ஒரு முறை நிறுத்துங்கள்.

குழந்தைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தந்தைக்கு வென்டிலேட்டர் தேவைப்படலாம் என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் வாயால் சொல்ல வேண்டியதில்லை. பெரியவர்களான உறவினரும் அச்சத்தில் சிலவற்றை விழுங்கிவிடுவார்கள். உயிர் போகும் அவசரத்தில் மட்டும், ஆள் கிடைக்கும்வரை, அவர்கள் உதவியைப் பெறலாம்.

கடைசியில், ‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். “நான் தெளிவாகச் சொன்னேனா என்று பார்க்க வேண்டும். வீட்டுக்குப் போனதும் இந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடுவீர்கள், எப்போது எங்களை அழைப்பீர்கள் என்று சொல்லுங்கள்” என்று கேளுங்கள். அவர் சொல்வதில் எங்கே தடுமாறுகிறாரோ அங்கிருந்து மறுபடி சொல்லுங்கள்.

நான்காம் படி: சொல்வதை நம்புங்கள், நம்பியதை எழுதுங்கள்

2020 டிசம்பரில் சூசன் மூர் என்ற கறுப்பின மருத்துவர், கொரோனாவோடு படுக்கையில் இருந்தபடியே ஒரு காணொளி வெளியிட்டார். தன் வலியையும் மூச்சுத்திணறலையும் சொன்னபோது தனக்குச் சிகிச்சை தந்த மருத்துவர் நம்பவில்லை என்றும், வெள்ளையராக இருந்தால் இப்படிக் கெஞ்ச வேண்டியிருக்காது என்றும் பேசினார். அந்த மாதமே இறந்தார். மருத்துவம் படித்து, எந்தச் சொல்லை எப்படிச் சொல்ல வேண்டும் என்று அறிந்தவரின் நிலை இது.

இந்த நம்பிக்கையின்மை எங்கிருந்து வருகிறது? 2016-ல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், வெள்ளையரான மருத்துவ மாணவர்கள், பயிற்சி மருத்துவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், ‘கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது’ என்பதுபோன்ற ஏதாவது ஒரு பொய்யை நம்பினார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். நாம் அப்படியெல்லாம் நினைப்பதில்லை என்று யாரும் சொல்லிவிடலாம். சொல்வதைவிட உங்கள் குறிப்புகளைச் சோதிப்பது நல்லது: வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டபோது ஒரே எண்ணைச் சொன்ன இருவரில் யாருக்கு எத்தனை நிமிடத்தில் மருந்து கிடைத்தது? வாரத்துக்கு ஒரு முறை உங்கள் நோயாளிகளின் கேஸ் ஷீட்டைப் புரட்டி இதை மட்டும் பாருங்கள்.

எழுதும் சொற்களிலும் கவனம் வேண்டும். சிகாகோவில் ஒரு பெரிய மருத்துவமனை அமைப்பின் நோயாளிக் குறிப்புகளை ஆராய்ந்து 2022-ல் வெளியான ஆய்வு, ‘ஒத்துழைக்கவில்லை’, ‘ஆக்ரோஷமானவர்’ போன்ற எதிர்மறைச் சொற்கள் கறுப்பின நோயாளியின் குறிப்பில் இடம்பெறும் வாய்ப்பு இரண்டரை மடங்கு என்று கண்டது. ஒரு ஷிப்டில் எழுதிய சொல் அடுத்த ஷிப்டின் காதில் முதலில் விழுகிறது; அந்த நோயாளியை யாரும் பார்ப்பதற்கு முன்பே அவர் யார் என்று முடிவாகிவிடுகிறது. ‘ஆக்சிஜன் முகமூடிக்கு ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதாமல், ‘முகமூடி அழுத்துவதாகவும் மூச்சடைப்பதாகவும் சொன்னார், பட்டையைத் தளர்த்தியபின் 40 நிமிடம் போட்டிருந்தார்’ என்று எழுதுங்கள். இரண்டாவது குறிப்பைப் படிப்பவருக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியும்.

மருத்துவர் காது கொடுக்கவில்லை என்றால் இரண்டாம் முறை சொல்லுங்கள். பிறகு பொறுப்புச் செவிலியரிடம், அதன் பிறகு அவசர உதவிக் குழுவிடம் போங்கள். யாரிடம், எத்தனை மணிக்கு, என்ன சொன்னீர்கள் என்பதைக் குறிப்பில் எழுதுங்கள். புதியவர் என்பதால் மௌனமாக இருக்க வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: இனத்தையும் மொழியையும் கேட்டுப் பதியுங்கள்

சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் இது இல்லாமல் எந்த இடைவெளியும் கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்காவில் தடுப்பூசி போடத் தொடங்கிய முதல் மாதத்தில், ஊசி பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் இனம் பதிவாகவே இல்லை. யாருக்குக் கிடைக்கவில்லை என்று அப்போது எப்படிச் சொல்ல முடியும்? முகத்தைப் பார்த்து ஊகித்து நிரப்பாதீர்கள். “எல்லோருக்கும் ஒரே தரத்தில் சிகிச்சை கிடைக்கிறதா என்று பார்க்க இதைக் கேட்கிறோம். உங்களை நீங்கள் எப்படிக் குறிப்பிடுவீர்கள்? விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டாம்” என்று கேட்டால் பெரும்பாலானோர் சொல்லிவிடுவார்கள்.

ஆறாம் படி: வீட்டுக்கு அனுப்பும் முன் வீட்டைப் பற்றிக் கேளுங்கள்

2020 மே மாதத்தில் அமெரிக்காவின் தென்மேற்கில் உள்ள நவஹோ பழங்குடி நிலப்பகுதியின் தொற்று விகிதம் நியூயார்க் மாநிலத்தையே தாண்டியது. அங்கே ஏறக்குறைய 30 சதவீத வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. ‘அடிக்கடி கை கழுவுங்கள்’ என்று அச்சிட்ட தாளை அந்த வீட்டுக்கு அனுப்பி என்ன பயன்?

டிஸ்சார்ஜ் தாளில் கையெழுத்து வாங்கும் முன் கேளுங்கள்: வீட்டில் எத்தனை பேர், எத்தனை அறை, கழிப்பறை பொதுவா? முதியவர்களோ சர்க்கரை நோயாளிகளோ இருக்கிறார்களா? வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் வருமா, விடுப்புக்குக் கடிதம் வேண்டுமா? மருந்து வாங்கிவர ஆள் உண்டா? போனில் பேசப் பணம் இருக்கிறதா? தனி அறை இல்லாத வீட்டுக்கு, ஜன்னலைத் திறந்து வைப்பது, எல்லோரும் முகக்கவசம் அணிவது, தலைகளைத் தள்ளிவைத்துப் படுப்பது என்று முடிந்ததைச் சொல்லுங்கள். முடியாததைச் சொன்னால் முடிந்ததையும் அவர் விட்டுவிடுவார். சமூகப் பணியாளரை அவர் கிளம்பும் நாளில் தேடாமல், சேர்ந்த மறுநாளே அழைத்துவிடுங்கள்.

மீட்டரைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால், கிளம்பும்போது காட்டும் எண்ணை எழுதிக் கொடுங்கள். பிரிட்டனில் 93, 94 என்றால் போன் செய்யவும், 92-க்கு வந்தால் அவசர சிகிச்சைக்குப் போகவும் சொன்னார்கள். அடர்நிறத் தோல் கொண்டவரிடம் இன்னொன்றும் சேர்த்துச் சொல்லுங்கள்: எண் நன்றாக இருந்தாலும் மூச்சு வாங்கினால் கூப்பிடுங்கள்.

குடியேற்ற ஆவணம் இல்லாதவர்கள், தங்களைப் பிடித்துக் கொடுத்துவிடுவார்களோ என்று மருத்துவமனைப் பக்கமே வர அஞ்சினார்கள். பிரிட்டனில் கொரோனா பரிசோதனையும் சிகிச்சையும் குடியேற்ற நிலையைப் பார்க்காமல் இலவசமாகவே தரப்பட்டன. உங்கள் இடத்தின் விதியைத் தெரிந்துகொண்டு நீங்களே முதலில் சொல்லுங்கள். அவர்கள் கேட்கமாட்டார்கள்.

ஏழாம் படி: தடுப்பூசிக்கு அஞ்சுபவரிடம் வரலாற்றை மறைக்காதீர்கள்

அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை ஏறக்குறைய 600 கறுப்பின ஆண்களை வைத்து ஆய்வு நடத்தியது. அவர்களில் 399 பேருக்குச் சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்தது. ‘கெட்ட ரத்தத்துக்குச் சிகிச்சை’ என்று சொன்னார்கள். அந்த நோயைக் குணமாக்கும் பென்சிலின் பரவலாகக் கிடைத்த பிறகும் கொடுக்கவில்லை. 1997-ல்தான் அதிபர் கிளின்டன் மன்னிப்புக் கேட்டார். அந்த ஆண்களின் நம்பிக்கையைப் பெற்று, பரிசோதனைக்குக் காரில் அழைத்து வந்தவர் யூனிஸ் ரிவர்ஸ் என்ற கறுப்பினச் செவிலியர். நம் தொழிலில் இருப்பவர்கள் இதைத் தெரிந்திருக்க வேண்டும். செவிலியர் மேல் மக்கள் வைக்கும் நம்பிக்கை எவ்வளவு பெரியது, அதை எதற்கெல்லாம் பயன்படுத்த முடியும் என்பது இதில் இருக்கிறது.

ஆகவே, ‘எனக்கு இந்த ஊசி வேண்டாம்’ என்பவரிடம், ‘அதெல்லாம் பழைய கதை’ என்று சொல்லாதீர்கள். ‘எது உங்களை யோசிக்க வைக்கிறது?’ என்று கேட்டுவிட்டு, முழுதும் கேளுங்கள். டஸ்கீகியைப் பற்றிச் சொன்னால், ‘ஆமாம், நடந்தது. சிகிச்சையை மறைத்தார்கள், அது கொடுமை’ என்று ஒப்புக்கொள்ளுங்கள். அதன் பின் ஊசியில் என்ன இருக்கிறது, என்ன பக்கவிளைவு வரும், எத்தனை நாள் காய்ச்சல் இருக்கலாம் என்று சொல்லுங்கள். அன்றைக்கே சம்மதிக்க வேண்டும் என்று நெருக்காதீர்கள்; மறுபடி வந்து கேட்க உங்கள் பெயரைக் கொடுங்கள். 2020 டிசம்பர் 14 அன்று, சோதனைகளுக்கு வெளியே அமெரிக்காவில் முதல் கொரோனா தடுப்பூசியைப் பெற்றவர் சாண்ட்ரா லிண்ட்சே. ஜமைக்காவில் பிறந்த தீவிர சிகிச்சைச் செவிலியர். தன்னைப் போன்ற தோற்றம் கொண்டவர்களுக்கு நம்பிக்கை வர வேண்டும் என்பதற்காகவும் முன்வந்ததாக அவர் சொன்னார்.

எல்லாத் தாமதத்தையும் அச்சத்தின் கணக்கில் எழுதிவிடுவது அநியாயம். இணையத்தில் மட்டும் முன்பதிவு, காரில் வந்தால் மட்டும் பரிசோதனை, அலுவலக நேரத்தில் மட்டும் ஊசி என்றிருந்தால், இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறவர் எப்படி வருவார்? பிலடெல்பியாவில் குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவர் அலா ஸ்டான்போர்ட் 2020 ஏப்ரலில் இதைத்தான் கண்டார். கறுப்பின மருத்துவர்களைச் சேர்த்துக்கொண்டு தேவாலயங்களின் வாகன நிறுத்துமிடங்களில் பரிசோதனை தொடங்கினார். 2021 பிப்ரவரியில் 24 மணி நேரமும் தொடர்ந்து தடுப்பூசி முகாம் நடத்தினார். முகாம் திட்டமிடும் கூட்டத்துக்கு உங்களை அழைத்தால் மூன்று கேள்விகளைக் கையில் வைத்திருங்கள்: இரவு வேலை முடித்து வருபவர் எப்போது வருவார்? இணையம் இல்லாதவர் எப்படிப் பதிவார்? ஊசி போடுகிறவர்களில் அந்த மக்களின் மொழி பேசுபவர் யார்?

எட்டாம் படி: பக்கத்தில் நிற்கும் செவிலியரையும் பாருங்கள்

2020 செப்டம்பரில் அமெரிக்கச் செவிலியர் சங்கம் ஒன்று வெளியிட்ட கணக்கில், பதிவுபெற்ற செவிலியரில் ஏறக்குறைய 4 சதவீதமே உள்ள பிலிப்பினோக்கள், கொரோனாவால் இறந்த செவிலியரில் 30 சதவீதத்துக்கும் மேல். பிரிட்டனில் கொரோனாவுக்கு முதலில் பலியான பத்து மருத்துவர்களும் சிறுபான்மை இனத்தவர். வெளிநாட்டிலிருந்து வந்த செவிலியர் விசாவை நினைத்து, கிடைத்த டூட்டியை மறுக்காமல் ஏற்றுக்கொள்வார்கள் என்பது பட்டியல் போடுபவர்களுக்கும் தெரியும்.

ஒரு மாத டூட்டிப் பட்டியலை எடுத்து, தொற்று வார்டுக்கு யார் யார் எத்தனை முறை போனார்கள் என்று எண்ணுங்கள். ஒரே ஆட்களாக இருந்தால், அந்தத் தாளோடு பொறுப்புச் செவிலியரிடமோ சங்கப் பிரதிநிதியிடமோ பேசுங்கள். தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பேராகப் போங்கள். முகக்கவசம் முகத்தில் சரியாகப் பொருந்துகிறதா என்ற சோதனையை எல்லோருக்கும் செய்யச் சொல்லுங்கள். அதில் தேறாதவரை அதே கவசத்தோடு உள்ளே அனுப்பவிடாதீர்கள். வேறு அளவு, வேறு மாதிரி கேளுங்கள். சமயக் காரணத்தால் தாடி வைத்திருப்பவருக்கு, முகத்தை இறுக்காமல் காற்றை வடிகட்டித் தரும் தலைக்கவசம் உண்டு. அதை முன்கூட்டியே வரவழைத்து வைக்கச் சொல்லுங்கள், வந்து சேர நாளாகும்.